உலைக்காரரும் பொடியம்மாவும்

சிலிக்கான் கார்பைடு உருகாது. சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு சூடேற்றினாலும் திரவமாகாமல் கற்பூரம் மாதிரி நேரே ஆவியாகிவிடும். சிலிக்கான் என்றால் உருக்கலாம். உருகிய குழம்பில் விதையைத் தோய்த்து மெல்ல மேலே இழுத்து ஆள் உயரத்துக்குப் படிகம் எடுக்கலாம். இதில் அந்த வித்தை பலிக்காது. கிராஃபைட் மூசைக்குள் பொடியைப் போட வேண்டும். மூடியின் அடிப்புறத்தில் விதைப்படிகத்தை ஒட்டி, உள்ளே ஆர்கான் வாயுவைக் குறைந்த அழுத்தத்தில் விட்டு 2200 டிகிரிவரை ஏற்ற வேண்டும். பொடி ஆவியாகி, சற்றே குளிர்ந்திருக்கும் விதையின்மேல் போய்ப் படியும். மணிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. விதைக்கும் பொடிக்கும் இடையிலுள்ள வெப்ப வித்தியாசம் கொஞ்சம் பிசகினாலும் அணு அடுக்குகளின் வரிசை மாறிவிடும். இந்தப் பொருளுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட அடுக்கு வரிசைகள் உண்டு. நமக்கு வேண்டியது அதில் ஒன்றோ இரண்டோ.

கிண்டியில் படிக வளர்ப்பு படித்த காலத்தில் இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். விதை வைத்து வளர்க்கும் இந்த முறையை 1978இல் உலகுக்குச் சொன்னவர்கள் யூரி தாய்ரோவும் வலேரி ஸ்வெத்கோவும். இருவரும் லெனின்கிராட் மின்தொழில்நுட்ப நிறுவனத்துக்காரர்கள். அதனால்தான், சோவியத் உதவித்தொகை கிடைத்தபோது, மாஸ்கோ வேண்டாம் லெனின்கிராட் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில் அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் பனி.

நான் சேர்ந்தது அதே நகரத்தின் வடபகுதியில் வேறொரு நிறுவனம். அதன் நிலவறையில் எங்கள் உலை. கதவைத் திறந்ததும் முகத்தில் அறையும் வாசனை இன்னும் என்னிடம் இருக்கிறது. சூடான கிராஃபைட், வெற்றிடப் பம்பின் எண்ணெய், ஆணியில் தொங்கும் ஈரக் கம்பளிக் கோட்டுகள், மேல்மாடி உணவகத்திலிருந்து படியிறங்கி வரும் முட்டைக்கோஸ் சூப்பு. பம்பின் கடகடப்புக்குக் கீழே மின்மாற்றியின் ரீங்காரம். அந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டு, ஸ்டூலில் சற்றுச் சாய்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார் உலைக்காரர்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மகள் இன்னும் அந்த நகரத்தில்தான் இருக்கிறாள். இந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரன் ஒருவன் தன் குடும்பத்தைப் பற்றி எழுதுவது அவளுக்கு நல்லதா கெட்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. உலைக்காரர் என்றே இருக்கட்டும். தொழிற்பள்ளிப் படிப்பு. கடற்படையில் நீர்மூழ்கியில் இருந்தவர். ‘அங்கே காதுதான் கண்’ என்பார். சூட்டை அளக்கும் பைரோமீட்டர் காட்டும் எண்ணை நம்பமாட்டார் என்றில்லை; அது பேசுவதற்குமுன் மின்மாற்றி பேசிவிடும் என்பது அவர் கட்சி. உலைக்குறிப்பேட்டில் அவர் எழுதும் வரிகள் இப்படி இருக்கும்: ‘சத்தம் மாறியது. பத்து ஆம்பியர் குறைத்தேன்.’ ஆய்வேடு எழுத வந்த நாங்கள் அதைப் படித்துச் சிரிப்போம். படிகத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், அவர் சத்தம் மாறியதாக எழுதிய அதே மணியில் ஒரு மெல்லிய கோடு விழுந்திருக்கும். சிரிப்பு அடங்கிவிடும்.

கட்டுப்பாட்டுப் பலகைக்கு மேலே, பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு இளைஞனின் படத்தை அவர் ஒட்டி வைத்திருந்தார். ஓலெக் லோசெவ். நீஷ்னி நோவ்கரத் வானொலி ஆய்வுக்கூடத்தில் கல்லூரிப் பட்டம் இல்லாமல் வேலை பார்த்தவர். கார்போரண்டம் துண்டில் கம்பிமுனையைத் தொட்டு மின்சாரம் விட்டால் ஒளி வருகிறது, அது சூட்டினால் வரும் ஒளி அல்ல என்று 1927இல் எழுதியவர். கார்போரண்டம் என்பது வேறொன்றும் இல்லை, எங்கள் சிலிக்கான் கார்பைடுதான். இன்றைக்கு வீடெல்லாம் எரியும் எல்இடி விளக்கின் முதல் முழுமையான பதிவு அது. 1938இல்தான், ஆய்வேடு கேட்காமலே அவருக்குக் கேண்டிடேட் பட்டம் கொடுத்தார்கள். 1942இல், ஜெர்மானிய முற்றுகையில், இதே லெனின்கிராடில் பசியால் செத்துப்போனார். வயது 38.

‘பட்டமில்லாதவன் கண்டுபிடித்தது. பட்டமுள்ளவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள்’ என்று உலைக்காரர் எங்கள் பேராசிரியர் காதுபடவே சொல்வார். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

பொடியை அரைத்துச் சலித்து அமிலத்தில் கழுவித் தரும் அம்மாளுக்கு நாங்கள் இந்திய மாணவர்கள் வைத்த பெயர் பொடியம்மா. அப்படியென்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றுமுதல் தொலைபேசியில்கூடத் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டார். முற்றுகை தொடங்கியபோது எட்டு வயது. அலுவலர்களுக்கும் சிறுவர்களுக்கும் நாளுக்கு 125 கிராம் ரொட்டி என்று இருந்த அந்த முதல் குளிர்காலத்தில் அம்மாவையும் தம்பியையும் பறிகொடுத்தவர். அதைப்பற்றி அவராகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் தேநீர் குடித்து முடித்ததும், மேசையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையின் ஓரத்தால் ஒரே வாக்கில் கூட்டி, வாயில் போட்டுக்கொள்வார். பேச்சு நிற்காது, கை மட்டும் அதைச் செய்யும். லோசெவைத் தெரியுமா என்று ஒருமுறை கேட்டேன். ‘அந்தக் குளிர்காலத்தில் யாரும் யார் பெயரையும் கேட்கவில்லை, மகனே’ என்றார்.

1990 வாக்கில் சர்க்கரைக்கும் சோப்புக்கும் கூப்பன் வந்துவிட்டது. வரிசை எதற்கு என்று தெரியாமலே வரிசையில் நின்றோம். கருவிகளைத் துடைக்க ஆய்வகத்துக்கு மாதாமாதம் வரும் தூய ஆல்கஹால்தான் நாணயம். ஒரு பாட்டில் கொடுத்தால் பம்புக்கு வால்வு, இரண்டு கொடுத்தால் கிராஃபைட் கட்டை. 1991 ஜனவரியில் ஐம்பது ரூபிள், நூறு ரூபிள் நோட்டுகள் செல்லாது என்று இரவோடு இரவாக அறிவித்து, மாற்றிக்கொள்ள மூன்று நாள் கொடுத்தார்கள். பொடியம்மா இறுதிச் சடங்குக்கென்று துணியில் முடிந்து வைத்திருந்த பணம் எல்லாம் ஐம்பது ரூபிள் நோட்டு. மாற்றிவிட்டார்தான். ஆனால் அன்றிலிருந்து எதையும் ரூபிளில் சேமிப்பதில்லை என்று முடிவெடுத்து, உப்பும் தீப்பெட்டியும் வாங்கி அடுக்கினார்.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்ச் செய்தி வந்தது. நான் நிலவறைக்குள் நுழைந்ததும் பொடியம்மா ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார். ராஜீவை அவர் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறார். ‘தாயும் போய், பிள்ளையும் போய்’ என்று சொல்லிச் சொல்லி அழுதார். ஒரு நாட்டுக்குத் துக்கம் கேட்பது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை. விடுதியில் எழுந்தபோது வானொலியில் அவசரநிலைக் குழு என்ற பெயர் ஓடிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியைப் போட்டால் பாலே நடனம். அதிபர் கொர்பச்சேவுக்கு உடம்பு சரியில்லையாம், ஆட்சி இனி அந்தக் குழுவின் கையிலாம். ஆய்வகத்துக்குப் போனால் உலைக்காரர் மூசையை இறக்கிக்கொண்டிருந்தார். ‘ஆட்சி மாறட்டும், விதை ஒட்டியாகிவிட்டது’ என்றார். அன்று மாலை உலையை ஏற்றினோம்.

செவ்வாய் பகலில், அந்தக் குழுவை எதிர்த்து, அரண்மனைச் சதுக்கம் கொள்ளாமல் கூட்டம். நானும் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லை, அந்நிய மாணவன், பிடித்தால் அடுத்த விமானம். ஆனாலும் போனேன். மாலையில் இசாக் சதுக்கத்தில் நகரமன்றம் இருந்த மரீன்ஸ்கி மாளிகையைச் சுற்றி பெஞ்சுகளையும் இரும்புக் குழாய்களையும் இழுத்துப்போட்டுத் தடுப்பு கட்டினார்கள். ஒரு கிழவர் மார்பு நிறையப் பதக்கத்தோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பால்கேனில் தேநீர் கொண்டுவந்து, யார் எவர் என்று பார்க்காமல் ஊற்றினார்கள். இருட்டியதும் வதந்தி. பிஸ்கோவிலிருந்து டாங்கிகள் கிளம்பிவிட்டன, இல்லை வழியில் நிற்கின்றன, இல்லை நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டன. ஒலிபெருக்கி கரகரத்தது, யாரோ விளக்கை அணை என்றார்கள், யாரோ ஓடினார்கள், எல்லோரும் ஓடினார்கள், எங்கே என்று தெரியாமல் நானும். நள்ளிரவு தாண்டினால் கப்பல்களுக்காக நெவா நதியின் பாலங்களைத் தூக்கிவிடுவார்கள், வடகரைக்குப் போக வழியிருக்காது, உலை வடகரையில். அந்த ஒரு நினைப்புதான். லித்தேய்னி பாலத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன், ரயில் நிலையத்தில் யாருமில்லை, தெருவில் யாருமில்லை, நாய்கூட இல்லை.

நிலவறையில் விளக்கு எரிந்தது. உலைக்காரர் ஸ்டூலில், கண்ணை மூடி. பக்கத்தில் பொடியம்மா. அவருக்கு அன்று வேலை நேரம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. கறுப்பு ரொட்டியும் உப்பிலிட்ட வெள்ளரிக்காயும் செய்தித்தாளில் விரித்து வைத்திருந்தார். ‘சாப்பிடு. டாங்கி வந்தால் பசியோடு இருக்கக்கூடாது’ என்றார். விளையாட்டாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

டாங்கிகள் வரவில்லை. மேயர் சப்சாக் பேசி, ராணுவ மாவட்டத் தளபதி படையை நகருக்கு வெளியே நிறுத்திவிட்டார் என்று பிறகு தெரிந்தது. மாஸ்கோவில் அந்த இரவில் மூன்று இளைஞர்கள் செத்தார்கள். வியாழக்கிழமை மூசை ஆறியதும் திறந்தோம். ஐந்து ரூபாய் நாணய அளவில், பச்சையாக, ஒரு படிகம். பாதியில் அடுக்கு வரிசை மாறி, நடுவே நுண்துளைகள் ஓடி, எதற்கும் பயன்படாதது. அந்த இரவைப் பற்றி உலைக்குறிப்பேட்டில் ஆம்பியர்களும் மணிகளும் மட்டுமே இருக்கின்றன.

செப்டம்பரில் நகரத்தின் பெயர் மாறியது. டிசம்பரில் நாடே இல்லாமல் போனது. 1992 ஜனவரி 2 முதல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அந்த ஒரே ஆண்டில் விலைவாசி 26 மடங்கு ஏறியது. பொருளாதாரம் எழுதுகிறவர்கள் இதை அதிர்ச்சி வைத்தியம் என்றார்கள். வைத்தியத்துக்கு ஆளானவர்கள் மெட்ரோ வாசலில், உருகிய பனிச் சேற்றில், தோளோடு தோள் நின்றார்கள். ஒருவர் கையில் ஒரு ஜோடிக் காலணி. ஒருவர் கையில் புஷ்கின் தொகுதிகள். ஒருவர் கையில் பதக்கம். கூவி விற்கவில்லை; பொருளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு எங்கோ பார்த்தபடி நின்றார்கள். அந்த வரிசையில் பொடியம்மா கம்பளிக் காலுறைகளோடு நின்றார். நான் விலை கேட்டேன். ‘உனக்கு விற்கமாட்டேன். ஆய்வகத்துக்கு வா, சும்மா தருகிறேன். இங்கே நிற்காதே, வருகிற ஆளைத் தடுக்கிறாய்’ என்று விரட்டினார்.

பிப்ரவரியில் ஓர் இரவு, உலை முழுச் சூட்டில் இருந்தபோது, குளிர்நீர் நின்றது. வெளியே எங்கோ குழாய் உறைந்து வெடித்திருந்தது. உலையின் சுவர் இரட்டைச் சுவர். நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது சுவர். உலைக்காரர் காது நிமிர்ந்தது. மின்சாரத்தை வெட்டவா என்று கத்தினேன். வேண்டாம், விதை வெடிக்கும், படிப்படியாக இறக்குகிறேன், வாளி கொண்டுவா. மேல்தொட்டியில் பத்து நிமிடத் தண்ணீர்கூட இல்லை. ரப்பர் வளையம் கருகும் நாற்றம் வந்துவிட்டது. வளையம் போனால் காற்று உள்ளே, காற்று புகுந்தால் கிராஃபைட் முழுதும் தீ. முற்றத்துக்கு ஓடினேன், பனியை வாரினேன், படியில் வழுக்கினேன், மறுபடி வாரினேன், காவலாளியும் வந்தார், இரண்டாம் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த யாரோ ஒரு ஆய்வு மாணவன் உள்சட்டையோடு வந்தான். பனியை அப்படியே தொட்டியில் கொட்டினால் கரையவில்லை, உருக்க அடுப்பில்லை.

அப்போது பொடியம்மா வந்தார். கட்டடத்தின் பின்பக்க விடுதியறையில்தான் அவர் குடியிருப்பு. ஒரு குழந்தைச் சறுக்குவண்டி. அதன்மேல் கயிற்றால் கட்டிய பால்கேன்கள். தெருமுனைப் பொதுக்குழாயில் பிடித்த தண்ணீர், ஒரு சொட்டுச் சிந்தாமல். எங்களை வரிசையாக நிற்கவைத்தார். ‘பாதிவரை நிரப்பு. மேலே ஒரு கை பனி போடு, தளும்பாது. ஓடாதே. ஓடுகிறவன் சிந்துவான்.’ அந்தக் குரல் எங்களுக்குப் பரிச்சயமான குரல் இல்லை. முற்றுகையில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து போனபின், நெவாவின் பனிக்கட்டியில் துளையிட்டு, சறுக்குவண்டியில் நீர் இழுத்துத்தான் அந்த நகரம் குடித்தது. எட்டு வயதில் கற்ற வேலையை ஐம்பத்தெட்டு வயதில் அவர் செய்தார். விடிவதற்குள் உலைக்காரர் சூட்டை இறக்கிவிட்டார். விதை பிழைத்தது. பொடியம்மா வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் கையை எடுத்துத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். விரல்களில் உணர்வு திரும்பும்போது வலிக்கும், அழலாம், வெட்கமில்லை என்றார்.

அதன்பின் உலை ஏறிய நாட்கள் குறைவு. சம்பளம் மாதக்கணக்கில் வரவில்லை. அப்போது அந்த நாட்டில் எங்கும் அப்படித்தான். வெப்பமின் இரட்டைகளிலிருந்த பிளாட்டினம் ஒருநாள் காணாமல் போயிற்று. யார் என்று யாரும் கேட்கவில்லை. வசந்தத்தில் உலைக்காரர் மீன் விற்றார். பனி உடையும் ஏப்ரல், மே மாதங்களில் நெவாவில் கோர்யுஷ்கா என்ற சிறு மீன் வரும். அன்று பறித்த வெள்ளரிக்காயின் வாசனை அதற்கு. ஊர் முழுதும் வெள்ளரி மணக்கும். கையைக் கழுவாமல் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, எரியாத உலையின் முன் கண்ணை மூடிக்கொள்வார்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். நல்லவர்கள்தான். உலையின் வரைபடங்களைப் பார்த்தார்கள், விருந்து கொடுத்தார்கள், பேராசிரியர்களை அழைத்தார்கள். அந்த நகரத்தில் இந்தப் படிகத்தை வளர்த்தவர்கள் பலர் அமெரிக்காவுக்கும் ஸ்வீடனுக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். அறிவு இடம்பெயர்ந்தது என்று இதை எழுதுகிறார்கள். இடம்பெயர்ந்தது தாளில் இருந்த அறிவு. சத்தத்தைக் கேட்டு ஆம்பியர் குறைக்கிறவருக்கு யார் விசா கொடுப்பார்கள்?

1993இல் ஜார்ஜ் சோரோஸின் சர்வதேச அறிவியல் அறக்கட்டளை, முன்னாள் சோவியத் விஞ்ஞானிகளுக்குத் தலைக்கு 500 டாலர் அவசர உதவி கொடுத்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெற்றார்கள். பலருடைய ஓராண்டுச் சம்பளத்துக்குச் சமம். எத்தனையோ பேரை அது காப்பாற்றியது. குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நிபந்தனை ஒன்று இருந்தது. முந்தைய ஐந்து ஆண்டுக்குள் முக்கியமான ஆய்விதழ்களில் மூன்று கட்டுரை வந்திருக்க வேண்டும். உலைக்காரர் பெயர் ஒரு கட்டுரையிலும் இல்லை. நன்றியுரையில்கூட ‘தொழில்நுட்ப உதவிக்கு’ என்று ஆள்பெயர் இல்லாமல்தான். பேராசிரியர் தன் பணத்தை மூன்று பங்காக்கினார். ஒரு பங்கு உலைக்காரருக்கு, ஒரு பங்கு பொடியம்மாவுக்கு. உலைக்காரர் வாங்கவில்லை. பொடியம்மா வாங்கி, பச்சை நோட்டுகளை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, உப்புப் பெட்டிக்கு அடியில் வைத்தார்.

இப்போது இந்தப் பொருள் கார்களில் ஓடுகிறது. டெஸ்லாவின் மாடல் 3 இன்வெர்ட்டரில் வந்தபின் மற்றவர்களும் வரிசையாக இதற்கு மாறினார்கள். சிலிக்கானைவிடப் பத்து மடங்குக்குக் கிட்ட மின்புலத்தைத் தாங்கும், சூட்டுக்கு அஞ்சாது. நாங்கள் நாணய அளவில் எடுத்ததை இன்று 150 மில்லிமீட்டர், 200 மில்லிமீட்டர் வட்டத் தகடுகளாக அறுக்கிறார்கள். விதை மேலே, பொடி கீழே என்ற ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. ஓய்வுபெற்றபின் சென்னையில் மாணவர்களுக்கு அவ்வப்போது வகுப்பெடுக்கிறேன். மென்பொருளில் வெப்பப் பரவலைக் கணித்து, திரையில் வண்ணம் வண்ணமாகக் காட்டுகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். உலை எழுப்பும் ஒலியை அளந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒலியா சார் என்றார்கள்.

நான் ஊர் திரும்பும்முன், கடைசிப் படிகங்களைப் பற்றிய கட்டுரையில் உலைக்காரர் பெயரை மூன்றாவது ஆசிரியராகப் போட்டேன். பேராசிரியர் மறுப்புச் சொல்லவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கட்டுரை அச்சாக ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 1994இல் அந்த நாட்டு ஆண்களின் சராசரி ஆயுள் 58க்கும் கீழே போயிருந்தது. உலைக்காரர் அந்தச் சராசரியைக்கூட எட்டவில்லை. இதயம் என்று மகள் எழுதினாள். பொடியம்மா அதற்குப் பிறகும் பல ஆண்டு இருந்தார். அவர் போன செய்தியும் மகளின் கடிதத்தில்தான் வந்தது.

ஆய்விதழின் பிரதியை அவளுக்கு அனுப்பிவைத்தேன். நன்றி சொல்லிவிட்டு, அப்பாவின் பெயரில் ஓரெழுத்துத் தவறாக இருக்கிறது, திருத்த முடியுமா என்று கேட்டிருந்தாள். கேட்டுப் பார்த்தேன். அறிவியல் பிழையானால் மட்டுமே திருத்தம் வெளியிடுவோம் என்று பதில் வந்தது. அதை அவளுக்கு எழுதினேன். பரவாயில்லை, தன் பிரதியில் தானே பேனாவால் திருத்திவிட்டதாகவும், பொடியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டியதாகவும், அவர் மூக்குக்கண்ணாடி போட்டு அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு, மற்ற இரண்டு பேர் யார் என்று கேட்டதாகவும் எழுதியிருந்தாள்.